கரங்களுக்காகக் காத்திருந்த திருச்சபை

உறுதிபூசுதல் என்றதும் நம் நினைவில் முதலில் தோன்றுவது ஆயரின் திருவுருவமே. திருமுழுக்கைப் பங்குத்தந்தை அளிக்கிறார். நற்கருணையை நாள்தோறும் அவர் கையிலிருந்தே பெறுகிறோம். உறுதிபூசுதலுக்கு மட்டும் ஆயர் வரவேண்டும் என்று பங்கு முழுவதும் காத்திருக்கிறது. நம் அண்டை வீட்டாராகிய தென்னிந்தியத் திருச்சபையார் இதனைத் 'திடப்படுத்தல்' என்பர். (அவர்கள் 'ஆயர்' என்று அழைப்பது சபைக் குருவை, நாம் அழைப்பது மறைமாவட்டத் தலைவரை. இந்த ஒரு சொல்லால் நேரும் குழப்பம் இருதரப்பு உறவினர்களும் கூடும் திருமண வீடுகளில் அனைவரும் அறிந்ததே.) அந்த ஆயரே இல்லாமல், ஆயருக்காகவே பெயர்பெற்ற ஒரு திருச்சபை ஏறத்தாழ 180 ஆண்டுகள் வாழ்ந்தது என்றால் நம்பக் கடினமாக இருக்கும். ஆயினும் அது வரலாறு.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் எபிஸ்கோப்பல் திருச்சபையையே குறிப்பிடுகிறோம். 'எபிஸ்கோப்போஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மேற்பார்வையாளர் என்பது பொருள். பழைய தமிழ் விவிலியம் அதனைக் 'கண்காணி' என்று அழகாக மொழிபெயர்த்தது. ஆங்கிலிக்கன் மரபில் பிறந்து, அமெரிக்க விடுதலைக்குப் பின் தனித்து நின்ற இத்திருச்சபை, தன்னைக் 'கண்காணிகளின் திருச்சபை' என்றே அழைத்துக்கொண்டது. ஆனால் 1607-இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் முதல் ஆங்கிலேயக் குடியேற்றம் கால்கொண்ட நாள் முதல் 1785 வரை அந்தக் கடற்கரை முழுவதிலும் அவர்களுக்கு ஓர் ஆயரும் இருந்ததில்லை.

காரணங்கள் பல. குடியேற்றங்கள் அனைத்தும் இலண்டன் ஆயரின் பொறுப்பில் இருந்தன. அவரோ கடலைக் கடந்து வந்ததில்லை. தமக்குப் பதிலாகப் பிரதிநிதிகளை அனுப்பினார். வர்ஜீனியாவுக்கு 1689-இல் அவ்வாறு நியமிக்கப்பட்ட ஜேம்ஸ் பிளேயர் ஆற்றல் மிக்கவர். வில்லியம் மேரி கல்லூரியை 1693-இல் நிறுவியவர். குருக்களைக் கண்டிக்கவும் கணக்குக் கேட்கவும் அவருக்கு அதிகாரம் இருந்தது. ஒரு சிறுவனின் தலைமீது கரம் வைத்து உறுதிப்படுத்தும் அதிகாரம் மட்டும் இல்லை. ஆயர் ஒருவரை அனுப்புமாறு விண்ணப்பங்கள் மீண்டும் மீண்டும் இங்கிலாந்துக்குச் சென்றன. ஆனால் ஆயர் ஆட்சிக்கு அஞ்சியே தாய்நாட்டை விட்டு வந்த பியூரிட்டன் மக்கள் நியூ இங்கிலாந்தில் நிறைந்திருந்தனர். ஆயர் வந்தால் வரியும் திருச்சபை நீதிமன்றமும் உடன் வரும் என்பது அவர்களது அச்சம். இந்த அச்சமும் புரட்சியைத் தூண்டிய காரணங்களுள் ஒன்று என்று ஜான் ஆடம்ஸ் தம் முதுமையில் எழுதினார். தென்பகுதியிலோ எதிர்ப்பு வேறு வகையானது. அங்கே 'வெஸ்ட்ரி' எனப்படும் பங்கு நிர்வாகக் குழுவினர், நிலக்கிழார்கள், குருவை அமர்த்தவும் விலக்கவும் பழகிவிட்டனர். தமக்கு மேல் ஒருவர் வந்து அமர்வதை அவர்கள் எதற்காக விரும்பப்போகிறார்கள்?

விளைவு என்ன? குருவாக விரும்பிய ஒவ்வோர் இளைஞனும் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து இலண்டன் சென்று திரும்ப வேண்டியிருந்தது. 1722-இல் யேல் கல்லூரியின் தலைவர் திமொத்தி கட்லரும் அவருடைய நண்பர்களும் ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்து குருப்பட்டம் பெறக் கப்பலேறினர். அவர்களுள் டேனியல் பிரௌன் என்பவர் பட்டம் பெற்ற சில நாள்களில் இலண்டனிலேயே அம்மை கண்டு இறந்தார். கடலுக்கும் அம்மைக்கும் இரையானவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர்.

குருத்துவம் நாடியவர்களாவது கப்பலேறலாம். ஒரு பண்ணையாரின் பன்னிரண்டு வயது மகள் உறுதிபூசுதலுக்காகக் கப்பலேற முடியுமா? இங்கேதான் ஒரு சிறிய விதி அவர்களுக்குக் கைகொடுத்தது. உறுதிபூசுதல் பெறாத எவருக்கும் நற்கருணை இல்லை என்பது கான்றர்பரிப் பேராயர் பெக்கம் 1281-இல் வகுத்த கட்டளை. உறுதிபூசுதலைப் பெற்றோர் அலட்சியம் செய்ததைத் திருத்தவே அவர் இதனை விதித்தார். சீர்திருத்தத்திற்குப் பின்னும் ஆங்கிலிக்கன் பொது மன்றாட்டு நூல் அதனைக் கைவிடவில்லை. எனினும் 1662-ஆம் ஆண்டுப் பதிப்பில், உறுதிபூசுதல் பெற ஆயத்தமாகவும் ஆவலாகவும் இருப்போரையும் நற்கருணைக்கு அனுமதிக்கலாம் என்று ஒரு வாசல் திறந்துவிடப்பட்டது. அமெரிக்க ஆங்கிலிக்கர் அனைவரும் தலைமுறை தலைமுறையாக அந்தச் சிறு வாசல் வழியாகவே நற்கருணைப் பந்திக்குச் சென்றனர். ஆவலாய் இருந்தே பிறந்தனர், ஆவலாய் இருந்தே இறந்தனர் எனலாம். நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1762-இல் ட்ரூரோ பங்கின் நிர்வாகக் குழு உறுப்பினரானவர். அவர் வளர்ந்த காலத்தில் அவர் தலைமீது வைக்க எந்த ஆயரின் கரமும் அந்த நாட்டில் இல்லை.

இதைப் படிக்கும் கத்தோலிக்கராகிய நாம் பெருமைப்பட ஏதுமில்லை. மேரிலாந்தில் 1634 முதல் வாழ்ந்த நம் மக்களின் நிலையும் அதுவே. அவர்களும் இலண்டனிலிருந்த அப்போஸ்தலிக்கப் பதிலாளின் பொறுப்பில், அவரைக் காணாமலே வாழ்ந்தனர். 1784-இல் ஜான் கேரல் மறைப்பணித் தலைவராக நியமிக்கப்பட்டபோதுதான், ஆயர் ஆகாத நிலையிலும், உறுதிபூசுதல் வழங்கும் அதிகாரம் அவருக்கு உரோமையிலிருந்து அளிக்கப்பட்டது. ஒரே கடற்கரையில், ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கிய இரு சமூகங்கள், ஒரே பசியோடு காத்திருந்தன.

விடுதலைப் போர் முடிந்ததும் கனெக்டிகட் குருக்கள் சாமுவேல் சீபரி என்பவரைத் தேர்ந்து இங்கிலாந்துக்கு அனுப்பினர். ஆங்கிலேய ஆயர்களோ, அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யாதவரை அபிடேகம் செய்யச் சட்டம் இடந்தராது என்றனர். அரசருக்கு எதிராகப் போரிட்டு விடுதலை பெற்ற நாட்டின் குடிமகன் அந்தப் பிரமாணத்தை எப்படிச் செய்வார்? ஓராண்டுக்கு மேல் காத்திருந்த சீபரி வடக்கே ஸ்காட்லாந்துக்குச் சென்றார். அங்கே, ஹனோவர் அரச குடும்பத்தை ஏற்க மறுத்ததால் ஆலயங்களையும் உரிமைகளையும் இழந்திருந்த ஓர் ஏழை ஆயர் மரபு எஞ்சியிருந்தது. 1784 நவம்பர் 14 அன்று அபர்தீன் நகரில், பேராலயம் எதிலுமன்று, ஆயர் ஸ்கின்னருடைய வீட்டின் மாடி அறையில், மூன்று ஆயர்கள் அவர்மீது கரம் வைத்தனர். ஒடுக்கப்பட்டவர்களிடமிருந்து வந்த அந்த ஆயர்மை 1785-இல் கனெக்டிகட்டை அடைந்தது. இங்கிலாந்துப் பாராளுமன்றம் பின்னர்ச் சட்டத்தைத் திருத்த, பிலடெல்பியாவின் வில்லியம் ஒயிட்டும் நியூயார்க்கின் சாமுவேல் புரோவூஸ்டும் 1787 பிப்ரவரியில் இலண்டனில் லாம்பெத் அரண்மனைச் சிற்றாலயத்தில் அபிடேகம் பெற்றனர். 1790 ஆகஸ்டில் நம் ஜான் கேரல் இங்கிலாந்தின் லுல்வர்த் மாளிகைச் சிற்றாலயத்தில் ஆயரானார். அடுத்த மாதமே வில்லியம் மேரி கல்லூரியின் தலைவரான ஜேம்ஸ் மேடிசன் லாம்பெத்தில் வர்ஜீனியாவின் முதல் ஆங்கிலிக்கன் ஆயரானார்.

ஆயர்கள் கிடைத்தனர், மக்களை அடைவது அடுத்த பாடு. அந்நாள்களில் ஆயர் என்பவர் ஒரு பங்கின் குருவுமாவார். மேய்ப்புப் பயணத்துக்கு நேரமும் பாதையும் குறைவு. 1811-இல் ஆயரான நியூயார்க்கின் ஜான் ஹென்றி ஹோபர்ட் இந்நிலையை மாற்றினார். தம் மறைமாவட்டத்தின் எல்லைவரை குதிரை வண்டியில் சென்றார். 1818-இல் ஒனைடா பழங்குடி மக்களிடையே சென்று அவர்களுக்கு உறுதிபூசுதல் வழங்கினார். பின்னாளில் நிலம் இழந்து விஸ்கான்சினுக்குப் பெயர்ந்த அம்மக்கள் தங்கள் ஆலயத்தையும் உடன் கொண்டுசென்றனர் என்றே சொல்லலாம். அப்பகுதியில் ஹோபர்ட் என்னும் பெயரில் ஓர் ஊர் இன்றும் உள்ளது. ஹோபர்ட் 1830-இல் இறந்ததும் ஆபர்ன் நகரில், ஒரு மேய்ப்புப் பயணத்தின் நடுவில்தான். உறுதிபூசுதல் என்பது அத்திருச்சபைக்குக் கிடைத்தற்கரிய செல்வமாயிற்று. பிறர் இலகுவாகப் பெற்றதை நெடுநாள் காத்திருந்து பெற்றவர்கள் அதனை இறுகப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு சராசரி எபிஸ்கோப்பல் பங்கில் உறுதிபூசுதல் எப்படி நடந்தது என்பதை நம் வாசகர் எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். நம் பங்குகளிலிருந்து அது வெகுதொலைவில் இல்லை. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் குளிர்காலம் முழுவதும் குருவிடம் வகுப்புக்குச் செல்வர். விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், பத்துக் கட்டளைகள் இவற்றை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். 1928-ஆம் ஆண்டு மன்றாட்டு நூலில் இதற்கெனவே போதனை வழிபாடுகள் சேர்க்கப்பட்டிருந்தன. ஆயர் வரும் நாளில் சிறுமியர் வெண்ணுடையும் முக்காடும் அணிவர். சிறுவர் கழுத்துப்பட்டையோடு வியர்ப்பர். இருவர் இருவராக முழந்தாளிட, ஆயர் கரம் வைத்துச் செபிப்பார். நமக்கும் அவர்களுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருந்தது. 1910-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் பகுத்தறியும் வயதிலேயே பிள்ளைகளை நற்கருணைக்கு அழைத்துவிட்டார். அவர்களிடமோ பெக்கம் பேராயரின் கட்டளை இன்னும் உயிரோடிருந்தது. ஆகவே ஆயரின் கரம்தான் நற்கருணைப் பந்திக்கு வாசல். அந்த நாள்வரை பிள்ளை, பெற்றோர் பீடத்தண்டை செல்வதைத் தன் இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டேயிருக்கும்.

வாசலைக் கடந்தபின் என்ன ஆயிற்று? அவர்களிடையே வழங்கும் ஒரு வேடிக்கை உண்டு. கோவில் கோபுரத்தில் வௌவால் தொல்லை. எந்த மருந்துக்கும் அவை அசையவில்லை. ஒரு குரு சொன்னாராம்: 'அவற்றுக்கு உறுதிபூசுதல் கொடுத்துவிட்டேன், அதன்பின் ஒன்றுகூட ஆலயத்துப் பக்கம் வரவில்லை.' நம் மறைக்கல்வி ஆசிரியர்களும் இதனைக் கேட்டுச் சிரிப்பார்கள்; சிரித்து முடித்தபின் சற்று மௌனமாகிவிடுவார்கள். பட்டமளிப்பு விழாவாகிவிட்ட அருட்சாதனத்தின் துயரம் எந்த ஒரு சபைக்கும் தனியுரிமை அன்று.

ஆனால் எல்லா இளைஞரும் வௌவால்களாகிவிடவில்லை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கீன் என்ற சிற்றூரில் கொங்கிரிகேஷனல் சபைக் குடும்பத்தில் பிறந்த ஜானதன் டேனியல்ஸ், பள்ளி மாணவனாக இருந்தபோதே எபிஸ்கோப்பல் சபையில் சேர்ந்தார். பிறகு நம்பிக்கை தளர்ந்தது. 1962-இல் உயிர்ப்புப் பெருவிழா நாளில் பாஸ்டன் ஆலயம் ஒன்றில் அது மீண்டது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் குருமாணவராகச் சேர்ந்தார். 1965 மார்ச்சில் மார்ட்டின் லூதர் கிங் விடுத்த அழைப்பைக் கேட்டு அலபாமாவின் செல்மா நகருக்குச் சென்றார். கருப்பின மக்களின் வாக்குரிமைக்கான போராட்டம் அங்கே உச்சத்தில் இருந்தது. ஓரிரு நாளில் திரும்புவதாகச் சென்றவர், அங்கேயே ஒரு கருப்பினக் குடும்பத்தின் வீட்டில் தங்கிவிட்டார்.

நமக்கு இங்கே முக்கியமாகப் படுவது ஊர்வலங்கள் அல்ல, ஞாயிற்றுக்கிழமைகள். டேனியல்ஸ் தம் கருப்பின இளம் நண்பர்களை அழைத்துக்கொண்டு அந்நகரின் புனித பவுல் எபிஸ்கோப்பல் ஆலயத்துக்குச் சென்றார். வாசலிலேயே மறுக்கப்பட்டனர். பின்னர் அனுமதி கிடைத்தது, ஆனால் பின்வரிசையில். சென்ற நூற்றாண்டுகளில் ஆயரில்லாததால் பந்தியின் வாசலில் காத்திருந்த மக்களின் வழித்தோன்றல்கள், இப்போது தங்கள் வாசலில் பிறரைக் காக்க வைத்தனர். ஆயரும் இருந்தார். அலபாமா ஆயர் கார்ப்பெண்டர், 1963-இல் பர்மிங்காம் சிறையிலிருந்து கிங் எழுதிய புகழ்பெற்ற மடலுக்குக் காரணமான எட்டு சமயத் தலைவர்களுள் ஒருவர். பொறுமை காக்குமாறு போராட்டக்காரருக்கு அறிவுரை கூறியவர்கள் அவர்கள். அந்த எண்மருள் நம் கத்தோலிக்கத் துணை ஆயர் ஜோசப் டூரிக்கும் இருந்தார் என்பதை மறைப்பதற்கில்லை. பின்னாளில் டென்னசியில் அவர் சமூக நீதிக்காகத் துணிந்து நின்றார் என்பதையும் சொல்லவேண்டும். டேனியல்ஸும் அவர் தோழர்களும் ஆயர் கார்ப்பெண்டருக்குக் கடுமையாகவே முறையிட்டனர்.

1965 ஆகஸ்ட் 14 அன்று ஃபோர்ட் டெப்பாசிட் என்ற ஊரில், வெள்ளையர்க்கு மட்டும் என்றிருந்த கடைகளின்முன் மறியல் செய்த இளைஞரோடு டேனியல்ஸும் கைதானார். ஆறு நாள் ஹெயின்வில் சிறையில் இருந்தனர். எல்லாருக்கும் பிணை கிடைக்காமல் தனக்கு மட்டும் வேண்டாம் என்று மறுத்தார். 20-ஆம் நாள் திடீரென விடுவிக்கப்பட்டபோது வெயிலில் தாகத்தோடு நால்வர் அருகிலிருந்த சிறு கடையை நோக்கி நடந்தனர்: டேனியல்ஸ், சிகாகோவைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு ரிச்சர்ட் மாரிஸ்ரோ, ரூபி சேல்ஸ், ஜாய்ஸ் பெய்லி என்ற இரு கருப்பினப் பெண்கள். கடை வாசலில் நின்ற டாம் கோல்மன் துப்பாக்கியைப் பதினேழு வயது ரூபியின்மீது நீட்டினான். டேனியல்ஸ் அவளைத் தள்ளிவிட்டு முன்னால் நின்றார், அங்கேயே இறந்தார். வயது 26. ஜாய்ஸின் கையைப் பற்றி ஓடிய மாரிஸ்ரோ அடிகளாரின் முதுகில் அடுத்த குண்டு பாய்ந்தது. அவர் நெடுநாள் துன்புற்றுப் பிழைத்தார். வெள்ளையர் மட்டுமே அடங்கிய நடுவர் குழு கோல்மனை விடுதலை செய்தது. எபிஸ்கோப்பல் குருமாணவரின் இரத்தமும் கத்தோலிக்கக் குருவின் இரத்தமும் ஒரே கடை வாசலில் ஒரே மணித்துளியில் சிந்தின. சபை ஒன்றிப்பைப் பற்றிப் பெரிய ஏடுகள் பேசிய காலம் அது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்னும் முடிந்திருக்கவில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் அந்தத் திருச்சபை தன் உறுதிபூசுதலையே மறு ஆய்வு செய்தது. பந்தியின் வாசலில் யாரை நிறுத்துவது என்ற கேள்வி வழிபாட்டு அறிஞர்களையும் வேறொரு வழியாக வந்தடைந்தது. திருமுழுக்கால் கிறிஸ்துவின் உடலில் முழுமையாக இணைந்துவிட்ட குழந்தைக்கு நற்கருணையை மறுக்க நமக்கு என்ன உரிமை என்றனர் அவர்கள். 1970-இல் ஹூஸ்டனில் கூடிய பொதுச் சங்கம், உறுதிபூசுதலுக்கு முன்பே பிள்ளைகள் நற்கருணை பெறலாம் என்று இசைந்தது. பெக்கமின் வாசல் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் அகற்றப்பட்டது. அதே ஆண்டில் வரைவுக் குழு இன்னும் ஒருபடி மேலே சென்று, கீழைத் திருச்சபைகளைப்போலத் திருமுழுக்கிலேயே குருவே கரம் வைத்து முத்திரையிடட்டும், தனியான உறுதிபூசுதல் தேவையில்லை என்றது. ஆயர்கள் அதிர்ந்தனர். இவ்வளவு காத்திருந்து பெற்ற கரங்களுக்கு வேலையே இல்லையென்றால்? வாதங்களுக்குப் பின் 1979-ஆம் ஆண்டு மன்றாட்டு நூல் இரண்டையும் வைத்துக்கொண்டது: திருமுழுக்கே முழுமையான புகுமுகம், உறுதிபூசுதல் என்பது வளர்ந்த ஒருவர் தம் விசுவாசத்தை ஆயர்முன் தாமே அறிக்கையிட்டு வலிமை பெறும் சடங்கு. இறையியல் நோக்கில் இது ஒரு சமரசமே என்று குறைகூறுவோர் உண்டு. நமக்கும் அவ்வாறே தோன்றுகிறது. அருட்சாதனத்தில் இறைவன் செய்வது என்ன என்ற கேள்வி, மனிதன் அறிக்கையிடுவது என்ன என்ற கேள்விக்குள் ஒளிந்துகொள்கிறது. ஆயினும் அந்நூலின் திருமுழுக்கு உடன்படிக்கையில் ஒரு வினா உண்டு: எல்லா மக்களிடையேயும் நீதிக்காகவும் அமைதிக்காகவும் உழைத்து ஒவ்வொரு மனிதரின் மாண்பையும் மதிப்பாயா என்று அது கேட்கிறது. உறுதிபூசுதல் பெறும் ஒவ்வோர் இளைஞரும் ஆயர்முன் அதற்கு விடையளிக்க வேண்டும். செல்மாவுக்குப் பின் அந்த வினா அந்நாட்டில் வெறும் சொல்லாக ஒலித்திருக்க முடியாது.

வாசல் அகன்றபின் இளைஞர் உள்ளே நிறைந்தார்களா? இல்லை. 1966-இல் சுமார் 36 இலட்சமாக இருந்த உறுப்பினர் தொகை 2022-இல் 16 இலட்சத்துக்கும் கீழே இறங்கிற்று. இதற்கு உறுதிபூசுதல் மாற்றமே காரணம் என்பது எளிய விடை. குடும்ப அளவு, குடிபெயர்வு, நாட்டின் பொதுப் போக்கு என்று வேறு பல உண்டு. பழைய முறையை விடாத சபைகளும் அங்கே தேய்ந்துள்ளன. பதினாறு வயதானவரை வயது வந்த உறுப்பினராகக் கருதும் அவர்களது சட்டம், அவர் உறுதிபூசுதல் பெற்றிருப்பார் என்று எதிர்பார்க்கிறது, கட்டாயப்படுத்துவதில்லை. நற்கருணைக்கு நுழைவுச்சீட்டாக இல்லாததால், இன்று வரும் இளைஞன் விரும்பியே வருகிறான் என்கின்றனர் அங்குள்ள குருக்கள் சிலர். பல பங்குகளில் ஓராண்டு, ஈராண்டு ஆயத்தமும், மூத்தோர் ஒருவர் துணைநடத்தலும், இறுதியில் ஒரு திருப்பயணமும் வழக்கமாகியுள்ளன. 1980-கள் முதல் நாடு தழுவிய இளையோர் மாநாடுகளும் நடக்கின்றன. 2014-இல் அது கூடியது பிலடெல்பியா அருகே அகுஸ்தினார் சபையின் வில்லனோவா கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில்.

ரூபி சேல்ஸ் அந்தக் கொலைக்குப் பின் பல மாதங்கள் பேச இயலாதிருந்தார். பின்னர், டேனியல்ஸ் பயின்ற அதே கேம்பிரிட்ஜ் குருமடத்தின் வாரிசான கல்லூரியில் இறையியல் கற்றார். எபிஸ்கோப்பல் திருச்சபை 1991-இல் டேனியல்ஸைத் தன் நாள்காட்டியில் சேர்த்தது. கொல்லப்பட்ட நாளையன்று, கைதான ஆகஸ்ட் 14-ஐ அவருக்கு உரிய நாளாக்கியது. ஆண்டுதோறும் அம்மாதத்தில் ஹெயின்வில்லுக்குத் திருப்பயணம் நடைபெறுகிறது. அலபாமாவில் உயிர்நீத்த பிற சாட்சிகளின் படங்களை இளைஞர் ஏந்திச் செல்ல, மக்கள் சிறைக்கூடத்துக்கும், பின் அந்தக் கடை இருந்த இடத்துக்கும் நடக்கின்றனர், அங்கே முழந்தாளிடுகின்றனர். பிறகு நீதிமன்றத்துக்குள் செல்கின்றனர். கோல்மன் விடுவிக்கப்பட்ட அதே அறையில், நீதிபதியின் மேசையே பீடமாக, ஆயர் நற்கருணைப் பலி நிறைவேற்றுகிறார். பின்வரிசை என்று எவருக்கும் ஒதுக்கப்படுவதில்லை.